பத்துக்குப் பத்து அறைக்கு ஒரு கிட்டார் ஆம்ப்

எலக்ட்ரிக் கிட்டார் வாங்கிய முதல் நாள் அதை வீட்டு ஹோம் தியேட்டரில் சொருகியவன் நான். பெரிய பின்னைச் சின்னப் பின்னாக மாற்றும் அடாப்டரைச் சென்னை ரிச்சி தெருவில் தேடி வாங்கி வந்து, பக்கத்து வீட்டுப் பையன்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் ஸ்ட்ரோக்கை அடித்தேன். கம்பளிக்குள்ளிருந்து யாரோ தட்டுவதுபோல மந்தமாக ஒரு சத்தம். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்ததும் ஸ்பீக்கருக்குள் கொசு பாட ஆரம்பித்தது. பையன்கள் எழுந்து போய்விட்டார்கள். கிட்டார்தான் மட்டம் என்று முடிவுகட்டி இரண்டு மாதம் அதைத் தொடவே இல்லை.

கிட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் அதன் பிக்கப் என்பது பல ஆயிரம் சுற்று மெல்லிய கம்பி. அதிலிருந்து வரும் சிக்னல் மிக நோஞ்சான். அதைச் சேதமில்லாமல் வாங்கிக்கொள்ள, சொருகும் இடத்தில் ஏறக்குறைய 10 லட்சம் ஓம் மின்மறுப்பு (கரண்டைத் தடுக்கும் அளவு) வேண்டும். ஹோம் தியேட்டரில் அது சில பத்தாயிரம்தான். அதனால் மேல் ஸ்வரங்களின் பளிச்செல்லாம் வாசலிலேயே செத்துவிடும். கொசுவுக்குக் காரணம் வேறு. கிட்டாருக்கென்றே செய்த 12 இஞ்ச் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதையும் ஒலிக்காது. டிஸ்டார்ஷனில் கிளம்பும் கரகரப்பை அதுவே வடிகட்டிவிடும். பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர் அந்தக் கரகரப்பையும் விடாமல் சத்தமாகச் சொல்லும்.

அடுத்து மறுகோடிக்குப் போனேன். பழைய சாமானாக ஒரு பெரிய ஆம்ப் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கித் தரும் பெட்டி), 12 இஞ்ச் ஸ்பீக்கர். வால்யூமைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குத் திருப்புவதற்குள் மேல் வீட்டிலிருந்து தொம் தொம் என்று தரையைத் தட்டினார்கள். மூன்றாவதாகத்தான் வீட்டுக்கென்றே செய்த சின்ன டிஜிட்டல் ஆம்ப் வந்தது. இந்த இரண்டு சுற்றையும் நீங்கள் சுற்ற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. போன வாரத்தை எழுதிப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளை எடுத்து, போன வாரம் எந்த நேரத்தில், எங்கே உட்கார்ந்து வாசித்தீர்கள் என்று எழுதுங்கள். வாசிக்க ஆசைப்பட்ட நேரம் கணக்கில் வராது. என் தாளில் இருந்தது இவ்வளவுதான்: நான்கு நாள் இரவு பத்து மணிக்கு மேல், கட்டில் ஓரத்தில், ஞாயிறு மதியம் ஹாலில் ஒரு மணி நேரம். இது போதும், பாதித் தேர்வு முடிந்துவிடும்.

இரவில்தான் நேரம் கிடைக்கும், ஹெட்ஃபோன்தான் வழி என்றால், ஸ்பீக்கரே இல்லாத வகை போதும். ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ மாதிரி, கிட்டாரின் ஓட்டையிலேயே நேராகச் சொருகி, அதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்ளலாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வாக்ஸ் ஆம்ப்பிளக்கும் இதே ஜாதி. அது அனலாக் (ஒலியை எண்ணாக மாற்றாமல் சர்க்யூட்டிலேயே உருவாக்கும் வகை), இரண்டு ட்ரிப்பிள் ஏ பேட்டரியில் ஓடும்.

அறைக்கு அறை, மொட்டை மாடிக்கு, வெளியூருக்கு என்று தூக்கிக்கொண்டு திரிபவருக்கு டிபன் பாக்ஸ் அளவு. பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க் கோ 5 வாட், 2 இஞ்ச் ஸ்பீக்கர், சார்ஜ் ஏற்றும் பேட்டரி. பாஸ் கட்டானா மினி 7 வாட், 4 இஞ்ச், ஆறு டபுள் ஏ பேட்டரி. டிஜிட்டல் ஆம்ப் பட்டியல்களில் கட்டானா மினியையும் சேர்த்துவிடுகிறார்கள். உண்மையில் அதன் ஒலி அனலாக் சர்க்யூட்டில்தான் உருவாகிறது. அது குறை இல்லை, தெரிந்து வாங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஒரே மேசையில் நிரந்தரமாக இருக்கப்போகிறது என்றால் இன்னும் பெரியது எடுங்கள். யமஹா 2011-இல் கொண்டுவந்த டிஎச்ஆர் வரிசை, இரண்டு 4 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள 40 வாட் ஸ்பார்க், 5 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள ரோலண்ட் மைக்ரோ க்யூப் ஜிஎக்ஸ் எல்லாம் இந்த வகை. கடைசியாகச் சொன்னது 3 வாட்தான். ஆனால் டபுள் ஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும் என்பது அதன் கணக்கு. தெருவோரம் வாசிப்பவர்களுக்கு அது ஏன் பிடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2. டிஜிட்டல் என்றால் என்ன

நீளமாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. தந்தியின் அதிர்வை எண்ணாக மாற்றி, பழைய பாணிக் கண்ணாடி வால்வில் ஓடும் ஒரு ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி, முன்னால் வைத்த மைக் எல்லாம் சேர்ந்து அந்தச் சிக்னலை என்ன செய்யுமோ அதைக் கணக்காகப் போட்டு, மறுபடி ஒலியாக்குகிறது. 1996-இல் லைன் 6 கொண்டுவந்த ஆக்ஸிஸ் 212 இந்த வழியில் வந்த ஆரம்பகால ஆம்ப்களில் ஒன்று. இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டியிலேயே முப்பது ஆம்ப், நாற்பது எஃபெக்ட் (எதிரொலி மாதிரி ஒலியை மாற்றும் சேர்க்கை) என்று போடுகிறார்கள்.

அந்த எண்ணிக்கைக்கு மயங்காதீர்கள். மூன்றாவது மாதத்தில் நீங்கள் தொடுவது கரகரப்பே இல்லாத ஒரு கிளீன், ஒரு லேசான கரகரப்பு, ஒரு முழு டிஸ்டார்ஷன். அந்த மூன்றும் மெல்லிய சத்தத்தில் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

3. வாட்டை விடுங்கள், ஸ்பீக்கரைப் பாருங்கள்

வாட் இரட்டிப்பானால் சத்தமும் இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். அப்படிப் பார்த்தால் 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள தூரம் ஒரே ஒரு படி. நாம் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. ஒரு வாட்டிலேயே ஒரு சுமாரான ஸ்பீக்கர் அதைத் தாண்டி எங்கோ போய்விடும். பத்துக்குப் பத்து அறைக்கு 5 வாட் தாராளம்.

ஸ்பீக்கர் அளவுதான் நிஜமான வித்தியாசம். கிட்டாரின் தடித்த தந்தி, திறந்த நிலையில், சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. 2 இஞ்ச் ஸ்பீக்கரால் அதை ஒழுங்காக ஒலிக்க முடியாது. பிறகு எப்படி நமக்குக் கேட்கிறது? 164, 246 என்று அதன் மடங்குகள் மட்டும் கேட்டால் போதும், அடி ஸ்வரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். சின்ன ஆம்ப்களின் வித்தையே இதுதான். போதாததற்கு உள்ளிருக்கும் கணக்கு வேறு கீழ்ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கும். குறைந்த சத்தத்தில் இது அசத்தும். வால்யூம் ஏற ஏற, ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க அதே கணக்கு கீழ்ஸ்தாயியைப் பிடித்து இழுத்துவிடும். சத்தம் கூடும், உடம்பு மெலியும். எந்தப் புள்ளியில் மெலிகிறது என்பது ஆம்புக்கு ஆம்ப் மாறும். கடையில் காது கொடுத்துக் கேட்க வேண்டியது இதைத்தான்.

என்னைக் கேட்டால், மேசையில் இடம் இருக்கிறவர் 3 இஞ்சுக்குக் கீழே போக வேண்டாம்.

4. ப்ளூடூத்: பலர் ஏமாறும் இடம்

பெட்டியில் 'ப்ளூடூத் உண்டு' என்று பார்த்துவிட்டு, காதில் இருக்கும் வயர்லெஸ் இயர்பட்ஸில் கிட்டார் கேட்கலாம் என்று நினைத்து வாங்குகிறார்கள். பெரும்பாலான ஆம்ப்களில் அந்த ப்ளூடூத் உள்ளே வருவதற்கு மட்டும்: போனிலிருந்து பாட்டு ஆம்புக்கு வரும். ஆம்பிலிருந்து இயர்பட்ஸுக்குப் போகாது. போகும்படி செய்தாலும் உங்களால் வாசிக்க முடியாது.

கணக்கைப் பாருங்கள். ஒலி காற்றில் ஒரு மில்லி நொடிக்கு 34 செ.மீ. போகிறது. ஆம்ப் 3 மீட்டர் தள்ளி இருந்தால் 9 மில்லி நொடித் தாமதம், யாருக்கும் தெரியாது. டிஜிட்டல் ஆம்ப் உள்ளே கணக்குப் போட எடுத்துக்கொள்வது சில மில்லி நொடிகள், அதுவும் தெரியாது. சாதாரண ப்ளூடூத்தில் தாமதம் 100, 200 மில்லி நொடி என்று போகும். 150 என்று வைத்துக்கொண்டால், ஆம்பைத் தெருமுனையில் 50 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து வாசிப்பது போல. விரல் ஒரு இடத்தில், காது ஒரு இடத்தில்.

பாட்டை ப்ளூடூத்தில் விட்டு அதோடு சேர்ந்து வாசிப்பதில் இந்தத் தொல்லை இல்லை. பாட்டு தாமதமாகவே வந்தாலும், வந்ததைக் கேட்டுத்தானே வாசிக்கிறீர்கள். கர்நாடக இசையைக் கிட்டாரில் பழகுகிறவர்களுக்கு இது பெரிய வசதி: போனில் சுருதிப் பெட்டி ஆப்பை ஓடவிட்டால் தம்புராவும் கிட்டாரும் ஒரே ஸ்பீக்கரில் வரும்.

கிட்டாரையே வயரில்லாமல் இணைக்க வேண்டுமா? அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் தனி டிரான்ஸ்மிட்டர் உண்டு. தாமதம் மிகக் குறைவு. யமஹாவின் டிஎச்ஆர் 30 II வயர்லெஸ், பாஸ் கட்டானா ஏர் போன்றவற்றில் அதை வாங்கும் பகுதி உள்ளேயே இருக்கிறது.

5. ஹெட்ஃபோன்

கம்பி உள்ளதே எடுங்கள். ஓட்டை 6.35 மி.மீ. ஆ, 3.5 மி.மீ. ஆ என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டர் வாங்கும்போது பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒரு வளையம் என்றால் அது மோனோ, ஒரு காதில் மட்டும் கேட்கும். ஹெட்ஃபோனை மாட்டும் முன் வால்யூமைக் குறைத்துவிடுங்கள். ஸ்பீக்கருக்கும் ஹெட்ஃபோனுக்கும் ஒரே குமிழாக இருக்கும் ஆம்பில், ஸ்பீக்கரில் சாதுவாக இருந்த அளவு காதில் அறையும்.

6. குமிழா, ஆப்பா

இதில் எனக்குப் பாரபட்சம் உண்டு. கெயின் (கரகரப்பின் அளவு), பாஸ் (கீழ்ஸ்தாயி), ட்ரெபிள் (மேல்ஸ்தாயி), வால்யூம் இந்த நாலும் பெட்டியின் மேலேயே குமிழாக இருக்க வேண்டும். ஒரு ஆம்பை இரண்டாம் கையாக வாங்கினேன். எஃபெக்டுகளெல்லாம் ஆப்புக்குள். ஆப்பைத் திறந்தால் அப்டேட், அப்டேட் முடிந்தால் லாகின், லாகினுக்கு ஓடிபி. கிட்டார் மடியில், கையில் போன், நேரம் பதினொன்று. அன்றைக்கு ஒரு ஸ்வரம்கூட வாசிக்காமல் படுத்தேன்.

ஆப்பே கூடாது என்று சொல்லவில்லை. பிடித்த அமைப்பை ப்ரீசெட்டாகச் சேமித்துவைக்க, பாட்டின் கார்டுகளை (ஒன்றாக அடிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) பார்க்க நன்றாகவே உதவும். போன் இல்லாமல் அந்த ஆம்ப் என்னவெல்லாம் செய்யும் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய ஆம்ப் என்றால், அதன் ஆப் இன்றைய போனில் ஏறுகிறதா என்று பணம் கொடுக்கும் முன் ஏற்றிப் பார்த்துவிடுங்கள்.

ரெக்கார்டிங் செய்பவர்கள் யூஎஸ்பி வழியாக ஒலி வெளியே போகிறதா, வெறும் சார்ஜுக்கு மட்டுமா என்று கேளுங்கள். ஒரே மாதிரி ஓட்டைதான், வேலை வேறு.

7. கரண்ட், எர்த், ஃபேன் ரெகுலேட்டர்

வழிகாட்டிகளில் யாரும் சொல்லாததும், நம் வீடுகளில் தினமும் படுத்துவதும் இதுதான்.

கிட்டாரை மாட்டியதும் ர்ர்ர் என்று இரைகிறதா? உடனே ஆம்பைத் திட்டாதீர்கள். எழுந்து போய் ஃபேனை ஃபுல்லில் வையுங்கள், அல்லது நிறுத்துங்கள். இரைச்சல் சட்டென்று குறைந்தால் குற்றவாளி ரெகுலேட்டர். சுழற்றும் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்டின் அலையை ஒவ்வொரு சுற்றிலும் வெட்டித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த வெட்டு வானொலி அலை மாதிரி அறையெல்லாம் பரவும். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். கெபாசிட்டர் வைத்த, படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டரில் இந்த வெட்டு இல்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாற்றினால் வேலை முடிந்தது. அதுவரை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கிட்டாரோடு மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் பாதியாகும். நான் இன்றும் பீரோவைப் பார்த்துத்தான் உட்கார்ந்து வாசிக்கிறேன்.

அடுத்தது, தந்தியைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஒரு கூச்சம். எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரில் இது வரும்: உள்ளிருக்கும் ஃபில்டர் வழியாக மிகச் சிறிய கரண்ட் கசியும். பேட்டரியில் ஓட்டினால் மறைந்துவிடும். ஆம்பை லேப்டாப்பில் யூஎஸ்பியால் இணைத்திருக்கும்போது வந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். கூச்சமும் போகும், கூடவே வரும் கீச்சு இரைச்சலும் போகும். கூச்சத்தைத் தாண்டி நிஜமாகவே ஷாக் அடித்தால் அது வேறு விஷயம். அப்படியே நிறுத்திவிட்டு வீட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னில் சொருகும் வேலை மட்டும் வேண்டாம்.

அமெரிக்காவிலிருந்து சித்தப்பா வாங்கி வருகிறார் என்றால், அடாப்டரில் 100-240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறும் 120 என்றிருந்தால், இங்கே 230-இல் சொருகிய நொடியில் புகைதான். 9 வோல்ட் அடாப்டர் கேட்கும் ஆம்ப்களில் இன்னொரு கண்ணி: கிட்டார் உலகில் நடுவில் மைனஸ் வருவதுதான் வழக்கம். வீட்டில் கிடக்கும் மோடம் அடாப்டர் அளவில் சரியாகப் பொருந்தும், ஆனால் பெரும்பாலும் நடுவில் பிளஸ். பின்னின் பக்கத்தில் வட்டம் போட்டு அச்சடித்திருக்கும் படத்தைப் பார்க்காமல் சொருகாதீர்கள்.

பேட்டரி பற்றி ஒன்று. உள்ளே பொதிந்த லித்தியம் பேட்டரி சுகம்தான்; நாலைந்து வருடத்தில் தளர்ந்தால் மாற்ற முடியுமா என்று கேட்டுவையுங்கள். டபுள் ஏ போடும் வகை என்றால் பேட்டரி எந்தப் பெட்டிக் கடையிலும் கிடைக்கும். ஆனால் ஒரு மாதம் வாசிக்கப்போவதில்லை என்றால் கழற்றி வையுங்கள். கசிந்து ஸ்பிரிங்கைப் பச்சையாக்கிவிடும்.

8. கடையில் இருபது நிமிடம்

உங்கள் கிட்டாரையும் உங்கள் ஹெட்ஃபோனையும் கொண்டு போங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் விலை உயர்ந்த கிட்டாரில் எந்த ஆம்பும் இனிக்கும்.

எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லுங்கள். எதிரொலி சேர்க்கும் ரிவெர்பும் டிலேயும் போட்டால் தகர டப்பாவும் கோயில் மண்டபம் மாதிரி ஒலிக்கும். கிளீனில், பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே வாசிக்கும் அளவு சத்தத்தில், ஒரு கார்டை அடித்துத் தேய்ந்து போகும்வரை விடுங்கள். கடைசியில் மெல்ல அடங்குகிறதா, கத்தரித்தது போல நிற்கிறதா? கத்தரித்தால் நாய்ஸ் கேட் (மெல்லிய ஒலியை இரைச்சலென்று அடைத்துவிடும் அமைப்பு) அதிகம். அணைக்க முடிகிறதா பாருங்கள். ஒரு ஸ்வரத்தை இழுத்துக் கமகத்தோடு வாசிக்கிறவருக்கு, வால்பகுதியை வெட்டும் நாய்ஸ் கேட் பெரிய எதிரி.

பிறகு கெயினைப் பாதியில் வைத்து மென்மையாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை அடியுங்கள். இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் அந்த ஆம்ப் உங்கள் கையை மதிக்கவில்லை. அப்புறம் வால்யூமை முழுதாகத் திருப்பி, உடம்பு எங்கே மெலிகிறது என்று பாருங்கள். கடைசியாக ஹெட்ஃபோன். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது காதில் ஸ் என்று வரும் இரைச்சலைத் தாங்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் அதோடுதான் குடித்தனம்.

9. வீட்டில் முதல் நாள்

ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். சின்ன ஸ்பீக்கரின் மேல் ஸ்வரங்கள் டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். தரையில் வைத்தால் முழங்காலுக்குத்தான் கேட்கும். மேசையில், காது உயரத்துக்குப் பக்கத்தில், அடியில் மடித்த துண்டு போட்டு வையுங்கள். கீழ்ஸ்தாயி போதவில்லை என்றால் சுவரை ஒட்டி நகர்த்துங்கள், மூலையில் இன்னும் கூடும்.

ஆம்போடு வரும் ப்ரீசெட்டுகள் பெரும்பாலும் கடையில் ஆளை மயக்கச் செய்தவை. எல்லாக் குமிழையும் நடுவில், அதாவது 12 மணியில் வைத்து, கெயினை மட்டும் 9 மணிக்குக் குறைத்துத் தொடங்குங்கள். குறைந்த சத்தத்தில் காது கீழ்ஸ்தாயியைச் சரியாக வாங்காது என்பதால் இரவுக்குப் பாஸ் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அதே அமைப்பை ஞாயிறு மதியம் சத்தமாக வைத்தால் குமுகுமு என்று இடிக்கும். இரண்டு ப்ரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள்.

அன்றைக்கே எல்லா ஓட்டையிலும் ஒவ்வொன்றாகச் சொருகிச் சோதியுங்கள். பேட்டரியை முழுக்க ஏற்றி, வாசித்துத் தீர்த்து, மணி குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட்ட மணியில் பாதிகூட வரவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கும் தேதி முடிவதற்குள் கடைக்குப் போக வேண்டும். அதுவரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் வீட்டில் யாரும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் பரணில் ஏற்றி வையுங்கள்.